நேவா நதியை மூன்று பலகையில் செதுக்கிப் பார்த்தேன்

எண்ணெய் வண்ணத்தைக் கரைக்கிற டர்பன்டைன் பாட்டிலைத் திறந்தால் கால் மணி நேரத்தில் எனக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்துவிடும். ஜன்னலைத் திறந்து வைத்தும், மொட்டை மாடிக்குப் போயும், முகக்கவசம் கட்டிக்கொண்டும் இரண்டு வருடம் எண்ணெய் வண்ணத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். போன தை மாதம் ஒரு ராத்திரி முழுக்கப் படுக்க முடியாமல் உட்கார்ந்தே கழிந்தது. மறுநாள் காலையில் ட்யூப்கள், தூரிகைகள் எல்லாவற்றையும் அட்டைப்பெட்டியில் போட்டு, ஓவியம் படிக்கிற பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுத்துவிட்டேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் படி இறங்கியபோது அழுகை வந்தது.

அந்த வாரத்தில்தான் ஆன்னா பெத்ரோவ்னா ஒஸ்த்ரவூமவா-லெபெதேவாவைப் பற்றிப் படித்தேன். 1871-ல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்தவர். அங்கேயே கலை அகாதெமியில் படித்தவர், புகழ்பெற்ற ஓவியர் இல்யா ரேப்பினின் மாணவி. அந்தக் காலத்தில் அகாதெமியில் படித்தவர் என்றால் பெரிய கான்வாஸ், எண்ணெய் வண்ணம், வரலாற்றுக் காட்சி என்றுதான் எதிர்பார்ப்பார்கள். ஆனால் எண்ணெய் வண்ணம் அவருக்கு ஆஸ்துமாவைக் கிளப்பிவிட்டது. அதை விட்டுவிட்டு, மரத்தைச் செதுக்கி மை தடவித் தாளில் பதிக்கிற மரச்செதுக்கு அச்சிலும் நீர்வண்ணத்திலும் வாழ்நாள் முழுக்க வேலை செய்தார். 1955-ல் இறக்கும்போது 84 வயதை எட்டிக்கொண்டிருந்தார். ரஷ்யாவில் மரச்செதுக்கைத் தனிக் கலையாக மறுபடி நிமிர்த்தி வைத்தவர் என்றுதான் இன்று அவரைச் சொல்கிறார்கள்.

எனக்கு இருந்த அதே மூச்சுக் கோளாறு. அவர் செய்ததை நானும் செய்து பார்ப்பது என்று முடிவு செய்தேன். ஆறு மாதமாயிற்று. இதுவரை நடந்ததை எழுதி வைக்கிறேன்.

எந்தப் படம்

நான் எடுத்துக்கொண்டது 1908-ல் அவர் செய்த வண்ண மரச்செதுக்கு: செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் பங்குச்சந்தைத் தூண்களின் வழியே தெரியும் நேவா நதி. வஸீலியெவ்ஸ்கி தீவின் முனையில் தோமா தெ தோமோன் என்ற கட்டடக் கலைஞர் எழுப்பிய பழைய பங்குச்சந்தைக் கட்டடம் இருக்கிறது, சுற்றிலும் 44 தூண்கள். அந்தத் தூண்களுக்குப் பின்னால் நின்றுகொண்டு எதிர்க்கரையைப் பார்க்கிற பார்வை. பருத்த தூண்கள் படத்தின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டு நிற்கின்றன. நடுவில் கிடைக்கிற சந்தில் தண்ணீர், தண்ணீருக்கு அப்பால் பீட்டர்-பால் கோட்டையும் அதற்குள் இருக்கிற தேவாலயத்தின் கோபுரமும்.

கட்டடத்தை முன்னால் நின்று யாரும் வரைவார்கள். இவர் கட்டடத்துக்குள் போய் நின்றுகொண்டு, தூணை ஒரு கதவு நிலை மாதிரி ஆக்கி, ஊரை அதன் வழியே காட்டுகிறார். முதல் தடவை பார்த்தபோது எனக்கே ஒரு தூணுக்குப் பின்னால் நிற்கிற மாதிரி இருந்தது. குளிர்ந்த கல்லில் கையை வைத்துக்கொண்டு பார்ப்பது போல.

இந்த நகரத்தை அப்படிப் பார்க்க அன்று ஆள் குறைவு என்பதையும் சொல்ல வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பீட்டர்ஸ்பர்க்கின் பழைய மாளிகைகளையும் தூண் வரிசைகளையும் பலர் சலிப்பான, ராணுவக் கொட்டடி மாதிரியான கட்டடங்கள் என்றே நினைத்தார்கள். 'கலை உலகம்' என்ற குழுவும் அதன் பத்திரிகையும்தான் அந்த எண்ணத்தை மாற்றின. ஓவியர் அலெக்சாந்தர் பெனுவா 1902-ல் நகரத்தின் அழகைப் பற்றி அதில் எழுதினார். பத்திரிகையை நடத்திய தியாகிலெவ், நகரக் காட்சிகளைச் செதுக்கித் தரும்படி ஒஸ்த்ரவூமவாவிடம் கேட்டார். பிறகு அவருடைய காட்சிகள் செயின்ட் யெவ்கேனியா சமூகம் என்ற செஞ்சிலுவை அமைப்பின் அஞ்சலட்டைகளாகவும் வந்தன. பல வீடுகளுக்குள் பீட்டர்ஸ்பர்க் அந்த அஞ்சலட்டை வழியாகத்தான் நுழைந்தது.

மாசி: கோடுகளைக் குறைக்கிற வேலை

அவருடைய படத்தை அப்படியே நகலெடுக்கவில்லை. அமைப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, 15 சென்டிமீட்டருக்கு 20 சென்டிமீட்டர் லினோலியம் (தரைவிரிப்பு மாதிரியான மெத்தென்ற பொருள்) தகட்டுக்குத் தகுந்தபடி சுருக்கினேன். மரத்தில் நேரே கை வைக்கத் துணிவு வரவில்லை. லினோலியத்துக்கு நார் ஓட்டம் கிடையாது, உளி எந்தப் பக்கமும் ஒரே மாதிரி போகும்.

முதல் வரைவில் எல்லாவற்றையும் போட்டுவிட்டேன். தூணின் நிழல், கல்லின் பிளவு, தண்ணீரில் நாற்பது ஐம்பது அலைக்கோடு, கோட்டைச் சுவரின் விளிம்பு, மேகம். பென்சிலில் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. 3 மில்லிமீட்டர் உளியை எடுத்து ஒரு மூலையில் வெட்டிப் பார்த்ததும் புரிந்துபோயிற்று. பென்சில் கோட்டின் அகலத்துக்கு உளி இறங்காது. ஒரு அலைக்கோட்டைக் கறுப்பாக நிறுத்த வேண்டுமென்றால் அதன் இரண்டு பக்கமும் வெட்டி எடுக்க வேண்டும். பென்சிலில் ஒரு இழுப்பில் வந்த கோடு இங்கே இரண்டு வெட்டு.

இந்த இடத்தில் அவருடைய பாதையைத் தெரிந்துகொண்டது உதவியது. அவர் முதலில் மரச்செதுக்குக் கற்றது பாரன் ஸ்டீக்லிட்ஸ் தொழில்நுட்ப வரைகலைப் பள்ளியில், வஸீலி மத்தே என்ற ஆசிரியரிடம். மத்தே கைதேர்ந்தவர். ஆனால் அந்தத் தலைமுறையின் மரச்செதுக்கு வேறொருவர் வரைந்த ஓவியத்தையோ புகைப்படத்தையோ அச்சில் கொண்டுவருகிற வேலை. நுண்ணிய கோடுகளை ஆயிரக்கணக்கில் நெருக்கி வெட்டி, சாம்பல் நிறத்தின் ஏற்ற இறக்கத்தைக் காட்டுவார்கள். அச்சகங்களுக்குப் படம் வேண்டும், செதுக்குபவர் அதைச் செய்து தருவார். புகைப்படத்தை நேரே அச்சாக்கும் முறை வந்ததும் அந்தத் தொழிலுக்குத் தேவை போய்விட்டது. ஒஸ்த்ரவூமவா அந்த நெருக்கத்தையே விட்டுவிட்டு, பதினாறாம் நூற்றாண்டு இத்தாலிய, ஜெர்மானிய வண்ணச் செதுக்குகளையும் ஜப்பானிய அச்சுகளையும் நோக்கித் திரும்பினார். சில பலகைகள், சில நிறங்கள், உறுதியான கோடு. 1899-ல், ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் இருக்கிற, பழைய ஓவிய மேதை ரூபென்ஸின் 'பெர்சியஸும் ஆந்த்ரோமீதாவும்' ஓவியத்தை அவர் வண்ண மரச்செதுக்காக ஆக்கியதை மூல ஓவியத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எதையெல்லாம் விட்டிருக்கிறார் என்பது தெரியும். ரூபென்ஸின் சதையும் பளபளப்பும் சில தட்டையான நிறங்களாகியிருக்கின்றன, ஆனாலும் காட்சி அதே காட்சிதான். படிப்பை முடித்துக் கலைஞர் பட்டத்துக்காக அவர் அகாதெமியின் முன் வைத்ததும் 14 மரச்செதுக்குகளைத்தான்.

நானும் அழிக்க ஆரம்பித்தேன். மேகம் போயிற்று. கல் பிளவு போயிற்று. அலைக்கோடு ஐம்பதிலிருந்து பன்னிரண்டு, பிறகு ஏழு. கோட்டைச் சுவர் ஒரே பட்டை. ஒரு அலைக்கோட்டை எடுத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்று பார்ப்பேன். தண்ணீர் இன்னும் தண்ணீராகத் தெரிந்தால் அடுத்ததை எடுப்பேன். ஏழு கோட்டில் நேவா நிற்கிறது. ஆறில் அது வெறும் தரையாகிவிட்டது. இந்த ஒரு வேலைக்கே மூன்று வாரம் போயிற்று. இதுவரை செய்ததில் எனக்கு மிகவும் பிடித்த மூன்று வாரம் அதுதான்.

பங்குனி, சித்திரை: செதுக்கல்

புதிதாகச் செய்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அச்சில் இடது வலமாக மாறும். வரைவை டிரேசிங் தாளில் எடுத்து, தாளைக் கவிழ்த்துப் போட்டுத்தான் பலகைக்கு மாற்ற வேண்டும். பொதுவான ஒரு காட்சி என்றால் பரவாயில்லை. பெயர் தெரிந்த ஒரு நகரத்தின் நதியும் கோபுரமும் பக்கம் மாறினால் அந்த ஊரே வேறாகிவிடும்.

மொத்தம் மூன்று பலகை. கறுப்புக் கோடும் தூணின் இருண்ட பக்கமும் தாங்குகிற கோட்டுப் பலகை ஒன்று. நடுத்தர நீலச் சாம்பலுக்கு ஒன்று. வானத்துக்கும் தண்ணீருக்குமான வெளிர் நிறத்துக்கு ஒன்று. கோட்டுப் பலகையை முதலில் செதுக்கி முடித்து, மெல்லிய தாளில் மை நிறைய வைத்து அச்செடுத்து, ஈரம் காயும் முன் அந்தத் தாளை மற்ற இரண்டு பலகையிலும் கவிழ்த்து அழுத்தினேன். கோடு அங்கே பதிந்துவிடும். அதை வழிகாட்டியாக வைத்து மற்ற இரண்டையும் வெட்டலாம்.

லினோலியம் குளிர்ந்திருந்தால் விறைத்துக்கொள்ளும் என்று படித்திருந்தேன். சித்திரையில் எனக்கு நேர் எதிர். மதிய வேளையில் அது அல்வா மாதிரி இளகி, உளி தேவைக்கு மேல் வழுக்கிக்கொண்டு ஓடியது. இடப்பக்கத் தூணின் விளிம்பில் ஒரு வெட்டு தவறி 2 சென்டிமீட்டர் நீளத்துக்கு உள்ளே போய்விட்டது. நிரப்ப வழி இல்லை. நிரப்பினாலும் அச்சில் காட்டிக்கொடுக்கும். ஒரு நாள் முழுக்க அதைத் தொடாமல் வைத்திருந்தேன். பிறகு அந்தத் தவறிய வெட்டையே தூணின் மேல் விழுகிற வெளிச்சமாக மாற்றி, அதற்கு இணையாக இன்னும் இரண்டு வெட்டு போட்டேன். வெளிச்சம் இப்போது நதிப் பக்கமிருந்து வருகிறது, அதுதான் சரியும்கூட. அதிலிருந்து காலை ஐந்தரையிலிருந்து ஏழு வரை மட்டும்தான் செதுக்குகிறேன்.

செதுக்கில் அழிப்பான் கிடையாது. எடுத்தது எடுத்ததுதான். நினைவுக் குறிப்புகளில் அவரும் தன்னை மரச்செதுக்கில் இழுத்தது அதன் சுருக்கமும், தயங்காத கோடும் என்றுதான் எழுதுகிறார். அவருடைய குடும்பப் பெயருக்குள்ளேயே 'கூர்மை'க்கும் 'அறிவு'க்குமான ரஷ்யச் சொற்கள் இருக்கின்றன. உளியைச் சாணைக் கல்லில் தீட்டும்போதெல்லாம் அந்தப் பெயர் வாய்க்குள் வந்துபோகும்.

வைகாசி: மை

இங்கேதான் நான் அதிகம் பொருளைச் செலவழித்தேன். முதலில் தண்ணீரில் கரையும் மை. மேசைக்கண்ணாடியில் உருட்டிப் பலகைக்குக் கொண்டுபோவதற்குள் காய்ந்துவிடுகிறது. அச்சில் உப்புத் தூவியது மாதிரி வெள்ளைப் புள்ளிகள். இரண்டு சொட்டு கிளிசரின் சேர்த்தால் கொஞ்சம் தாங்கும். அதுவும் பத்து நிமிடத்துக்குத்தான். பிறகு, எண்ணெயில் செய்து ஆனால் சோப்புத் தண்ணீரில் கழுவிவிடக்கூடிய மைக்கு மாறினேன். டர்பன்டைன் வேண்டாம். மூச்சுக்கு இதுவரை ஒன்றும் ஆகவில்லை. ரோலரையும் கண்ணாடியையும் முதலில் சமையல் எண்ணெயால் துடைத்து, பிறகு பாத்திரம் தேய்க்கிற சோப்பால் கழுவுகிறேன்.

நிறம் கலப்பதில் ஒரு பழைய பாடம் கைகொடுத்தது. 1898-99-ல் ஒஸ்த்ரவூமவா பாரிஸுக்குப் போய், ஓவியர் விஸ்லர் அப்போதுதான் தொடங்கியிருந்த பள்ளியில் படித்தார். விஸ்லர் மாணவர்களுடைய கான்வாஸைப் பார்ப்பதைவிட அவர்களுடைய பாலெட்டை, அதாவது நிறம் கலக்கிற தட்டைத்தான் உற்றுப் பார்ப்பாராம். நிறம் பாலெட்டிலேயே கலந்து, ஒன்றோடொன்று இசைந்து முடிந்திருக்க வேண்டும். கான்வாஸில் வந்து தேடக் கூடாது என்பது அவர் கொள்கை. அச்சுக்கு இது அப்படியே பொருந்துகிறது. பலகையின் மேல் நின்றுகொண்டு நிறத்தைத் திருத்த முடியாது. இப்போது மூன்று நிறத்தையும் முன்கூட்டியே கலந்து, சின்னத் தாள் துண்டுகளில் விரலால் தேய்த்து, ஒன்றின் மேல் ஒன்றை வைத்துப் பார்த்த பிறகுதான் ரோலரைத் தொடுகிறேன். வெளிர் நிறத்தில் ஒளி ஊடுருவும் மைப்பசையை முக்கால் பங்கு சேர்த்ததும், நீலச் சாம்பல் அதன் மேல் விழுகிற இடத்தில் நான் கலக்காத நான்காவது நிறம் ஒன்று வந்தது. கோட்டைச் சுவர் முழுக்க அந்த நிறம்தான். அதைப் பார்த்த காலையில் வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

அழுத்துவதற்கு இயந்திரம் எதுவும் இல்லை. தாளின் முதுகில் மரக் கரண்டியின் குவிந்த பக்கத்தை வைத்து வட்டமாகத் தேய்க்கிறேன். ஒரு அச்சுக்கு ஒரு நிறத்துக்கு எட்டிலிருந்து பத்து நிமிடம்.

பெரிய தலைவலி பொருத்தம்தான். மூன்று பலகையும் ஒரே இடத்தில் விழ வேண்டும். முதல் ஆறு அச்சிலும் கோபுரம் தன் நிழலைவிட்டு ஒன்றரை மில்லிமீட்டர் விலகி நின்றது. ஜப்பானியர்கள் பலகையின் மூலையில் வெட்டி வைக்கிற பொருத்தக் குறி முறையைத்தான் கடைசியில் பின்பற்றினேன்: மரச்சட்டம் ஒன்றில் தாளின் ஒரு மூலைக்கு எல் வடிவத் தடுப்பு, அடிவிளிம்புக்கு நேரான தடுப்பு. பலகையும் தாளும் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் போய் முட்டும். பிழை அரை மில்லிமீட்டருக்குள் வந்துவிட்டது.

ரப்பர்

ஒரு நாள் ரோலரைக் கழுவிக்கொண்டிருந்தபோது அதன் கறுப்பு ரப்பரைப் பற்றி நினைவு வந்தது. ஒஸ்த்ரவூமவா 1905-ல் மணந்துகொண்டது தன் உறவுக்காரரான செர்கேய் லெபெதெவை. வேதியியலாளர். ஆல்கஹாலிலிருந்து பியூட்டாடையீன் என்ற வேதிப்பொருளை எடுத்து, அதிலிருந்து செயற்கை ரப்பர் செய்கிற வழியைக் கண்டவர். 1927 கடைசியில் சோவியத் அரசு நடத்திய போட்டிக்கு 2 கிலோ செயற்கை ரப்பரைச் செய்து கொடுத்தார்கள்; 1932-ல் யரஸ்லாவ்லில் அந்த முறையில் பெரிய தொழிற்சாலையே ஓடத் தொடங்கியது. 1934-ல் டைஃபஸ் காய்ச்சலில் அவர் இறந்துபோனார். ஒரே வீட்டில் ஒருவர் மரத்தைச் செதுக்கிக்கொண்டும் இன்னொருவர் ரப்பரைக் காய்ச்சிக்கொண்டும் இருந்திருக்கிறார்கள். அதற்கப்புறம் ஒவ்வொரு தடவை ரோலரைக் கழுவும்போதும் அந்த இரண்டு பேரும் ஞாபகத்துக்கு வருகிறார்கள்.

ஆனி: மரம்

லினோலியத்தில் கை பழகியதும் மரத்தை ஒரு தடவையாவது தொட்டுப் பார்க்க ஆசை வந்தது. அவர் வேலை செய்தது மரத்தின் குறுக்குவெட்டு முகத்தில். பலகையாக நீளவாக்கில் அறுக்காமல், அடிமரத்தைத் துண்டுபோடும்போது கிடைக்கிற முகம். நார் நின்றவாக்கில் இருப்பதால் கூரான கம்பி உளி எந்தத் திசையிலும் முடி அளவு கோட்டை இழுக்கும். ஐரோப்பாவில் அதற்குப் பாக்ஸ்வுட் என்ற இறுகிய மரம்.

எங்கள் தெருத் தச்சரிடம் போய்க் கேட்டேன். நான் கொண்டுபோன தேக்குத் துண்டில் நான் வெட்டிய கோடு பிளந்திருந்ததைப் பார்த்துவிட்டு, "டீச்சர், நார் போற திசைக்கு எதிரா உளிய வெச்சா பிளக்கத்தான் செய்யும். நீங்க சொல்ற வேலைக்கு வெட்பாலைதான் சரி. பொம்மை கடையிற மரம், வெண்ணெய் மாதிரி இருக்கும்" என்றார். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டைக் குறுக்கே அறுத்து, மூன்று நாள் உப்புத்தாளால் தேய்த்துக் கண்ணாடி மாதிரி ஆக்கிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. "அச்சு வந்ததும் ஒண்ணு குடுங்க."

நகைப் பத்தர்கள் செதுக்கப் பயன்படுத்துகிற உளி ஒன்று வாங்கினேன். பழைய தோல் பையில் மணல் அடைத்து, அதன் மேல் மரத்துண்டை வைத்தேன். உளியை ஒரே கோணத்தில் பிடித்துக்கொண்டு மரத்தைத்தான் திருப்ப வேண்டும். வளைவு அப்படித்தான் வருகிறது. இது புரிய நான்கு நாள் ஆயிற்று. லினோலியத்தில் வெட்டும்போது சத்தமே இருக்காது. இங்கே சின்னதாக ஒரு கிரீச்சென்ற ஒலி, மெழுகு மாதிரிச் சுருண்டு வருகிற மரச்சுருள். கோபுரத்தையும் அதற்குக் கீழே நான்கு அலையையும் மட்டும் வெட்டினேன். லினோலியத்தில் தீக்குச்சி பருமனாக இருந்த கோபுரம் இங்கே ஊசி மாதிரி நின்றது. அவருடைய அச்சில் அது ஏன் அவ்வளவு மெலிந்து நிற்கிறது என்பது என் மணிக்கட்டுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

ராத்திரி விளக்கு

இந்த மாதங்களில் அவருடைய வாழ்க்கையில் நான் திரும்பத் திரும்பப் போய் நின்ற இடம் ஒன்று உண்டு. 1941 செப்டம்பரில் ஜெர்மன் படைகள் லெனின்கிராதை (பீட்டர்ஸ்பர்க்கின் அன்றைய பெயர்) சுற்றி வளைத்தபோது அவருக்கு 70 வயது. கணவர் இல்லை. ஊரைவிட்டுப் போகவில்லை. முற்றுகை 872 நாள் நீடித்தது. பசி, குளிர், குண்டுவீச்சு. அந்த நாட்களில் அவர் தன் நினைவுக் குறிப்புகளை எழுதிக்கொண்டிருந்தார், பல நேரம் குளியலறையில் உட்கார்ந்து. முகம் கழுவும் தொட்டியின் மேல் வரைபலகையை வைத்து, அதன் மேல் மைக்கூட்டை வைத்து, அலமாரித் தட்டில் விளக்கு. அங்கே குண்டுச் சத்தம் கொஞ்சம் அமுங்கிக் கேட்குமாம். அந்தக் குறிப்புகளின் முதல் தொகுதி 1935-ல் வந்திருந்தது. இரண்டாவது 1945-ல், மூன்றாவது 1951-ல்.

அவர் செதுக்கிய தூண்களும் கோட்டையும் கம்பி வேலிகளும் நின்றிருந்த அதே ஊரின் மேல்தான் அந்தக் குண்டுகள் விழுந்தன. நாற்பது வருடம் முன்னால் "இந்த ஊர் அழகானது, பாருங்கள்" என்று பலகை பலகையாகச் சொன்னவர், அது நொறுங்கும்போதும் உள்ளேயே இருந்தார். கரண்டியால் தாளைத் தேய்க்கிற பத்து நிமிடத்தில் எனக்கு இதுதான் மனத்தில் ஓடும். தூண் பதிகிற இடத்தில் கை தானாகவே கூடுதலாக அழுத்துகிறது.

ஆடி வரை கணக்கு

இதுவரை 31 அச்சு எடுத்திருக்கிறேன். பொருத்தமும் நிறமும் மையின் அடர்த்தியும் சேர்ந்து வந்தவை 5. கைத்தயாரிப்புத் தாளில் எடுத்தவைதான் அந்த ஐந்தும். தாளை லேசாக ஈரப்படுத்தி, இரண்டு அட்டைக்கு நடுவே ஒரு ராத்திரி வைத்தால் மையை முழுக்க வாங்கிக்கொள்கிறது. ஆடிக் காற்றில் எண்ணெய் மை காய ஐந்து நாள் எடுக்கிறது. கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருக்கிறேன், காற்றடிக்கும்போது ஐந்து நேவாவும் சேர்ந்து அசைகின்றன.

வெட்பாலையில் எடுத்த சின்னக் கோபுர அச்சை நேற்று தச்சரிடம் கொடுத்தேன். ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் வெகு நேரம் பார்த்தார். "இது கோயிலா டீச்சர்?" என்றார். கோட்டைக்குள் இருக்கிற தேவாலயத்தின் கோபுரம், உண்மையில் 122 மீட்டர் உயரம் என்றேன். விரலால் அதன் மேல் மெல்லத் தடவிவிட்டு, பட்டறைச் சுவரில் மாதக் காலண்டருக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டினார். இன்னும் நான்கு துண்டு குறுக்கே அறுத்து, நிழலில் உலரப் போட்டிருக்கிறாராம். ஆவணி கடைசியில் எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்.